வளையம் அடித்த பக்கம்

கண்ணாடி அறுக்கும்போது மட்டும் நான் பேசமாட்டேன். மற்ற நேரத்தில் என்ன கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன். அதனால் இதையும் சொல்கிறேன்.

காலடிப்பேட்டையில் 'சாபிரா ஃபிரேம்ஸ்' என்னுடையது. கல்யாணப் போட்டோ, மக்கா, வேளாங்கண்ணி, போய்ச்சேர்ந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே பழுப்புச் சட்டம்தான். அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்த பெனிஷா கொண்டுவந்தது வேறு மாதிரி. ஆன்லைனில் வாங்கிய அச்சுப்படம். முகம், கை, கால் எதுவும் கிடையாது. சிவப்பும் காவியுமாக இரண்டு வளைவுகள், கட்டிக்கொண்ட ஆணும் பெண்ணும் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பார்த்ததும் எனக்குக் காது சுட்டது.

கல்யாணமாகி எட்டு மாதம். அவள் புருஷன் ஷிபினுக்கு மணலியில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் செல்போன், பிறகு தலையணை. வாய்விட்டுக் கேட்க இவளுக்கு வெட்கம். கட்டிலுக்கு எதிரே மாட்டினால் தன் சார்பில் படம் கேட்கும் என்று நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னபோது பாவமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஃபவாஸ் ஷார்ஜா போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படம் சதுரம். ஆணியில் மாட்டுகிற வளையத்தை எந்தப் பக்கம் அடிக்கிறேனோ அதுதான் தலை. அவள் பின்னால் பென்சிலில் அம்புக்குறி போட்டிருந்தாள். நான் அதற்கு அடுத்த பக்கத்தில் அடித்தேன். கால்வாசித் திருப்புதான். வளைவுகள் படுத்துக்கொண்டு, மலைக்குப் பின்னால் மலையாகிவிட்டன. பெனிஷா கண்டுபிடிக்கவில்லை. ஆசையோடு பார்ப்பவளுக்கு எப்படித் திருப்பினாலும் அதுதான் தெரியும்.

ஷிபின், மலை ஜோராக இருக்கிறது என்றானாம். அந்த வாரமே தோஸ்துகளோடு ஏற்காடு கிளம்பிவிட்டானாம். அவள் கடையில் உட்கார்ந்து அழுதாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அவருக்கு என்னப் பிடிக்கலக்கா," என்றாள்.

அடுத்த மாதமும் வந்து அழுதாள், அதற்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் நாகர்கோவிலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஷிபின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். சவரம் செய்யாத முகம்.

"அக்கா, எப்போ பாத்தாலும் இத்தப் பாத்துகினு அழுதுகினே இருந்தா. கேட்டா சொல்லமாட்டேன்றா. இதுல இன்னாக்கா கீது?"

படம் என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் திருப்பிக் காட்டியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பான்.

"மலதாம்பா," என்றேன்.

அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். விஷயம் இப்போது வக்கீல் வரைக்கும் போயிருக்கிறது என்று கேள்வி.

ஆமாம், நான்தான் பிரித்தேன். பொறாமையா என்று கேட்கிறீர்கள். எனக்கெதற்குப் பொறாமை? சின்னஞ்சிறுசுகள், கண்ணியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

படம் என் அறையில் இருக்கிறது. அம்புக்குறி பார்த்து வளையத்தை மாற்றி அடித்துவிட்டேன், தொழில் சுத்தம் வேண்டுமல்லவா. தினமும் மதியம் கடையைப் பூட்டிவிட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அதன் எதிரே படுத்திருக்கிறேன். வெயில் பட்டு நிறம் மங்குகிறதா என்று பார்க்கத்தான்.