தும்மாத டம்பர்கள்

எனக்குத் தும்மல் என்றாலே ஆகாது என்று அவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், ஐயா. அது சரியில்லை. காலையில் பல் விளக்கும்போது நானே நாலு தடவை தும்முகிறவன்தான். தும்மினால் புறப்பட்ட காரியம் விளங்காது என்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. என் கல்யாணத்தையே வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்திக்கொண்டவன் நான். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். டில்லிபாபு செத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

எண்ணூர்க் கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் வேலை. பதினோரு டம்பர் லாரிகள், எல்லாம் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து வந்தவை. அவற்றைப் பழுது பார்க்கும் மேஸ்திரி நான். அந்த வண்டிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக, வண்டிக்கு நாலு தடித்த சிலிண்டர், உள்ளே எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும். பாரத்தை அந்த வாயுதான் தாங்கும். அளவுக்கு மேல் கல் ஏற்றினாலோ வெயிலில் சூடேறினாலோ உள்ளே அழுத்தம் எகிறும். அப்போது சிலிண்டரின் தலையில் கட்டைவிரல் பருமனில் இருக்கும் வால்வு திறந்து, அதிகப்படியானதை வெளியே தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். தள்ளும்போது 'அச்'சென்று ஒரு சத்தம் வரும், கொஞ்சம் எண்ணெயும் தெறிக்கும். கேட்பதற்குத் தும்மல் போலவேதான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

கல் ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கும்போது அது தும்மும். உடனே டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிரே சொக்கம்மாள் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பான். சகுனம் கழியக் கால் மணி நேரம். பரிகாரமாக நாலு பேர் சேர்ந்து வண்டியிலிருந்து ஒரு கல்லை உருட்டி வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுப் போவார்கள். அந்தக் கற்களுக்குச் சொக்கம்மாள் மஞ்சள் பூச ஆரம்பித்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் என்றொரு டிரைவர், ஞாயிறு தவறாமல் ராயபுரம் மாதாகோயிலில் பூசைக்குப் போகிறவன். அவனும் கல்லை உருட்டினான்.

நான் பொறுமைசாலி. டிரைவர், கிளீனர், கல் ஏற்றுகிறவர் என்று நாற்பது பேரையும் நிற்கவைத்து, வண்டியின் பக்கத்தகட்டில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினேன். இது எண்ணெய், இது வாயு, இது வால்வு. எல்லோரும் தலையாட்டினார்கள். டிரைவர் டில்லிபாபு மட்டும் வாய் திறந்தான்.

"நீ சொல்றது கரீட்டு நைனா. காத்துதான். ஆனா தும்முதுல்ல."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார்டில் யாரும் இல்லை. நாற்பத்துநாலு வால்வுகளையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் போல்ட் போட்டு முறுக்கினேன். கடையில் வாங்கவில்லை, நானே கடைந்தவை. மரை அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு வண்டியும் தும்மவில்லை. டிரைவர்கள் மேட்டில் தயங்கி, காது கொடுத்துப் பார்த்து, பிறகு போனார்கள். பத்து நாளில் தண்ணீர் குடிப்பது நின்றுபோனது.

"இன்னா மேஸ்திரி, ஒருத்தனும் வந்து குந்தலியே. வண்டிக்கெல்லாம் மூக்கு அடைச்சிக்கிச்சா?" என்று சொக்கம்மாள் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான். கல்லும் முன்னைவிடக் கூடுதலாக ஏற்றினார்கள். ஏற்றச் சொன்னது நான் இல்லை. மனதிலிருந்து பயம் போனால் மனிதனுக்கு ஊக்கம் வரும், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, டில்லிபாபு கல் ஏற்றிய வண்டியை மேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். பின்னால் எல்லா வண்டிகளும் வரிசையில் நின்றுவிட்டன. ஆட்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

"நைனா, வண்டி கட்டாந்தரை மாதிரி கீது. இடுப்பு வுட்டுப்போச்சு. உள்ள இன்னாவோ அடைச்சிக்கினு கீது. ஒரே ஒரு தபா தும்ம வுடேன்."

சிலிண்டரில் வாயு நிரப்பும் முனையில் அழுத்த மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, கடைசி ஆணியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. உடம்பால் மறைத்துக்கொண்டு கழற்றிவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, மனப்பிரமை, போய் வண்டியை எடு என்றேன். இதைச் சொல்லும்போது என் குரலில் கோபமே இல்லை. அங்கே நின்ற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவன் வண்டியை எடுக்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிலிண்டரின் தலையில் காதை வைத்தான். நான் நாலு எட்டு பின்னால் தள்ளி வந்து நின்றுகொண்டேன். அவன் ஒரு நிமிஷம் போல அப்படியே இருந்தான். பிறகு அதன் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவனுக்கு முப்பத்தொரு வயது.

வாயுவைத் திறந்துவிடும் சாவி எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். என் சட்டைப் பையில் இருந்தது. மீட்டர் மாட்டிய அந்த முனையில் வைத்து அரைச் சுற்றுத் திருப்பினால் போதும், உள்ளே இருப்பது 'அச்'சென்று இறங்கிவிடும். அவன் காதை வைத்திருந்த அந்த ஒரு நிமிஷமும் என் கை அதன்மேல்தான் இருந்தது. திருப்பாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஐயா. அவர்கள் கண்முன்னால் அது ஒரு தடவை தும்மியிருந்தால், அத்தனை பேரும் மறுபடி தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள்.