அலையின் ஆயுள்

ஐயா, அட்டனில் நான்கு மணிக்கே குளிர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வடிவேல் வைக்கும் மிளகு ரசம் தனி. ஒரே பள்ளியில் ஆசிரியர்களாகச் சேர்ந்து, ஒரே அறையில் பத்து வருடமாக இருக்கிறோம். எனக்கு வெந்நீர் போடவும் தெரியாது.

அவருடைய ஊசிப் பலகையை 1961இல் கொழும்பிலிருந்து நீங்களே வந்து பார்த்தீர்கள். மின்சாரம் கடத்தாத சில படிகங்களில் அணுக்கள் குட்டிக் காந்தங்களாக, பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிராக நிற்குமாம். ஒன்று அசைந்தால் அலை ஓடும். அந்த அலைக்கு ஆயுள் எவ்வளவு என்பது அவர் கேள்வி. படிகத்துக்கு இங்கே வழியில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் நாற்பது காந்த ஊசிகளை வரிசையாக நிறுத்தினார். ஓரத்து ஊசியைத் தொட்டால் அலை பதினொரு முறை போய்வந்து அடங்கும். நானும் எண்ணியிருக்கிறேன்.

"அடியில செம்பு கிம்பு இருந்துச்சுன்னா அவ்வளவுதான் மாஸ்டர். அலைய அமுக்கிப்புடும்" என்று அவரே சொல்லித் தந்தார்.

பதினொன்றைக் கண்ணால் கண்டால் கொழும்பு ஆய்வுகூடத்தில் இடம் தருவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் வந்த காலையில், பலகை இருந்த மேசையின் விரிப்புக்கு அடியில் ஒரு செப்புத் தகட்டை வைத்தேன்.

மூன்று முறையில் அலை நின்றது.

"நேத்துக்கூட பதினொன்னுங்க. மாஸ்டரையே கேளுங்க" என்றார்.

"வடிவேல் மாஸ்டர் கொஞ்சம் ஆசையா எண்ணுவாருங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

தகட்டை எடுத்தால் மறுநாளே பதினொன்று வரும், உங்களுக்கு எழுதுவார். எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் தொட்டுப் பார்ப்பார். மூன்று. ஒரு வருடம் கழித்துப் பழைய குறிப்பேட்டை அடுப்பில் போட்டார். பிறகு வகுப்பில் பிள்ளைகளை இரண்டு முறை எண்ணத் தொடங்கினார்.

"நாப்பத்திரண்டுதானே மாஸ்டர்?" என்று என்னிடம் வந்து கேட்பார்.

சில நாள் நாற்பத்தொன்று என்பேன்.

இப்போது உங்கள் மாணவர் செய்த பலகையிலும் பதினொன்று வந்ததாக எழுதி, வடிவேலிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை நான்தான் பிரித்தேன். அவருக்குக் காட்டவில்லை. அவர் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. என்னைக் கேட்காமல் எதையும் எண்ணுவதில்லை. உப்பைக்கூட நான் சொன்ன பிறகுதான் போடுகிறார்.

ஐயா, நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த நிலையில் கொழும்பில் தனியாக இருந்திருந்தால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?