நான் எடுத்து வைத்த சீட்டுகள்

“டீச்சருக்கெல்லாம் யாருப்பா பரீட்சை வைப்பாங்க?” என்று என் மகள் ஆறு வயதில் கேட்டாள். “யாரும் வைக்க மாட்டாங்கம்மா” என்றேன். “அப்ப ஜாலிதான்” என்றாள். பின்னாளில் அந்தப் பரீட்சையை வைப்பதே என் வேலையாயிற்று.

நர்சிங் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். ஆசிரியர்கள் இன்னும் நன்றாகக் கற்பிக்கட்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தேன். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் மாணவிகள் அன்று புரியாததைப் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் அதில் ‘ஆசிரியரிடம் சேர்த்தாயிற்று’ என்று தேதியோடு கையெழுத்திட்டு அவரிடம் கொடுப்பேன். அடுத்த வகுப்பில் அவர் விளக்குவார்.

மருந்தளவுக் கணக்குப் பாடம் நடத்தியவரைச் ‘சொட்டு சார்’ என்போம். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. முதல் வாரச் சீட்டுகளைப் படித்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“முப்பது வருஷமா செவுத்துக்கா பாடம் எடுத்தேன், தம்பி?”

“அப்படியெல்லாம் இல்லண்ணே. புள்ளைங்க ஏதோ எழுதுதுங்க.”

“ஏதோவா? நாற்பதுல முப்பது ‘புரியல’ன்னு இருக்குய்யா.”

அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருவரை நோகாமல் வைத்திருப்பதும் வழிபாடுதான் என்று நம்புகிறவன் நான். அடுத்த வாரத்திலிருந்து கசப்பான சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். அவர் முகம் தெளிந்தது. “இப்பப் புடிச்சுக்கிட்டாளுங்க, பாத்தியா” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

எடுத்தவற்றைக் கிழிக்க மனம் வரவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு இழுப்பறையில் வைத்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: குழந்தையின் எடைக்கு மருந்தைக் குறைக்கும்போது தசமப் புள்ளி எங்கே வரும்?

பத்தாவது வாரம், வார்டுப் பயிற்சியில் ஒரு மாணவி ஆறு மாதக் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்தை ஏற்றிவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணை தொடங்கிய அன்று அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மூணு வாரம் பச்ச மையில எழுதிப் போட்டேன் சார். அது சொட்டு சாருக்குப் போகவே இல்லையா?”

“போயிருக்கும்மா.”

“அப்ப அதச் சொல்லுங்க சார். இல்லன்னா என்னைக் காலேஜ விட்டே அனுப்பிடுவாங்க.”

“பார்க்கிறேன். நீ சாப்பிட்டியா?” என்றேன். அதை அன்போடுதான் கேட்டேன்.

மூன்று நாள் பிரார்த்தனையில் வாய் அசைந்தது; மனம் இழுப்பறையில் கிடந்தது. அந்தக் குழந்தையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த ஊசியில் என் விரலும் இருந்தது. அந்த மாணவிக்கு நான் கடன்பட்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை, யாரும் வருமுன், பச்சை மைச் சீட்டுகள் மூன்றையும் உறையிலிட்டு விசாரணை அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். அவள் தப்பினாள். இன்று நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். உறையைப் போட்டது யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். செய்த நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது.

சொட்டு சாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தச் சீட்டுகளைத் தான் கண்ணால் கண்டதே இல்லை என்று சத்தியம் செய்தாராம். உண்மைதான். உறையில் போடும் முன் மூன்றிலும் ‘ஆசிரியரிடம் சேர்த்தாயிற்று’ என்று பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக் குழு கேட்டபோது, கையெழுத்து என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன்.

என்னைக் கண்டால் அவர் மனம் நோகும் என்பதால்தான் இன்றுவரை அவரைப் போய்ப் பார்க்கவில்லை.