நகர்த்தாதே என்ற ஒரு வரி

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிடுவது என் பழக்கம், மேடம். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடி ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவனுக்கு வேறு வழியும் கிடையாது. அதில் மெமரியில் ஓர் இடம் கேட்டு வாங்கினால், வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வந்து பெருக்கிவிட ஆள் இல்லை.

என் மச்சினன் எழுதுகிற மொழியில் ஆள் உண்டு. என் மனைவியின் தம்பி அவன். எங்கள் கம்பெனிக்குச் சிபாரிசு செய்ததும் நான்தான். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டேன். அந்தப் புது மொழிக்காரர்கள் இஷ்டத்துக்கு இடம் வாங்குவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். அதற்கென்று அந்த மொழிக்குள்ளேயே தானாக ஓடுகிற ஒரு துப்புரவாளர் இருக்கிறார். அவ்வப்போது வந்து வேண்டாததை அள்ளிவிட்டு, மிச்சத்தை நெருக்கி அடுக்கி வைத்துவிட்டுப் போவார். பிள்ளைகளை மாமியாரிடம் தள்ளிவிட்டு சினிமாவுக்குப் போகிறவர்களின் மொழி என்று நான் அலுவலகத்தில் சொல்வதுண்டு. யாரும் சிரித்ததில்லை.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரி வார்டுக்கான கருவி. எட்டுப் படுக்கை, எட்டு இதயம். ஒவ்வொரு இதயத்தின் துடிப்பும் மெமரியில் தனித்தனி இடத்தில் வந்து விழும். அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்து, துடிப்பு தப்பினால் நர்ஸ் மேஜையில் மணி அடிப்பது என் பகுதி. மற்ற எல்லாவற்றையும் மச்சினன் புது மொழியில் மாற்றி எழுதினான். என் பகுதியைக் கூப்பிட்டு, மூன்றாம் படுக்கை இந்த விலாசத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று இடத்தை மட்டும் காட்டிவிடுவான்.

ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அத்தானோட பார்ட்டையும் அடுத்த வருஷம் தூக்கிடலாம். இப்போதைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்."

சிரித்தார்கள். என் ஜோக்குக்குச் சிரிக்காத அதே ஆட்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்படி விலாசம் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. காட்டும்போதே துப்புரவாளரிடம் 'இதை நகர்த்தாதே' என்று ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், அவர் மூன்றாம் படுக்கையை வேறு இடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் ஆறாம் படுக்கையைக் கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். புது விலாசம் மச்சினனின் பக்கத்துக்குத் தெரியும். என் பகுதிக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அது பாட்டுக்குப் பழைய விலாசத்தையே பார்த்து, ஆறாம் ஆளின் இதயத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் ஆள் சுகம் என்று முடிவுகட்டிவிடும்.

மச்சினன் அந்த வரியை எழுதித்தான் இருந்தான். அவன் முட்டாள் இல்லை. ஆனால் டீ மிஷின் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டான்.

"அத்தான், இந்த வரி கட்டாயம் வேணுமா? ஸ்பீடு குறையுதே."

"எதுக்கு? உள்ள வந்ததும் என் பக்கமே பூட்டி வச்சுக்கும்."

"நெஜமாவா? அப்ப எடுத்துடறேன்."

"எடுத்துடு."

அப்படி எந்தப் பூட்டும் என் பகுதியில் கிடையாது.

அலுவலகத்தில் சோதித்தபோது ஒரு கோளாறும் தெரியவில்லை. அங்கே மெமரி தாராளம். துப்புரவாளர் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான் எட்டிப் பார்ப்பார். வார்டில் எட்டுப் படுக்கையும் நிரம்பினால் இடம் நெருக்கும், அடிக்கடி வருவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். மணி ஒரு தடவை தப்பும், நர்ஸ் திரையைப் பார்த்து ஓடிவருவார், புகார் எழுதுவார், புது மொழியின் மானம் கப்பலேறும், அத்தோடு சரி என்று நினைத்தேன். திரை மச்சினனின் பக்கம், அதில் கோடு சரியாகத்தான் படுத்தது. ஆனால் பத்து வருடமாக எங்கள் மணி தப்பியதே இல்லை என்பதால், நர்ஸ்கள் திரையைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். ஒரு விதத்தில் அது எனக்குப் பெருமைதான்.

முதலில் போனவர் ஒரு லாரி டிரைவர். அரை மணி நேரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்த பெண்தான் பார்த்தாள். மணி அடித்திருக்கும், சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கருவியை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த வாரம் என் மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினன் ஃபோன் செய்தான்.

"அப்பாவ நம்ம மிஷின் இருக்கற வார்டுலயே போடச் சொல்லிட்டேன் அத்தான். மூணாம் பெட்."

அவனிடமிருந்து ஃபோனை வாங்கி என் மனைவி, "நீங்க எழுதினது காவலுக்கு இருக்கில்ல, எனக்குப் பயமே இல்லைங்க" என்றாள்.

அந்த வரியைத் திருப்பிப் போட இரண்டு நிமிடம் ஆகும். போட்டால், யார் போட்டது, ஏன் போட்டது என்று மாற்றப் பட்டியலில் பெயர் விழும். கேள்வி லாரி டிரைவர் வரைக்கும் போகும். வார்டில் நாலு நாள்தானே, பிழைத்தாலும் பிழைத்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். மாமனார் தங்கமான மனிதர். பார்க்கப் போனபோது ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "வேலைய விட்டுட்டு ஏன் வந்தீங்க மாப்பிள்ளை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். மூன்றாம் நாள் மதியம் போய்விட்டார். அன்றைக்கு ஆறாம் படுக்கையில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நல்ல திடமான இதயம்.

மச்சினன் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வரியை எடுத்ததுதான் காரணம் என்று அவனே கண்டுபிடித்து, தன் தவறு என்று உங்களிடம் எழுதியும் கொடுத்துவிட்டான். என் பெயரைச் சொல்லவில்லை. அத்தான் ஏதோ ஞாபகப் பிசகில் சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பான். அப்பாவைக் கொன்றவன் என்று என் மனைவி அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி அவன் தலையோடு போயிருக்கும். எடுக்கச் சொன்னவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன். இரண்டு பேரும் அதனால்தான் செத்தார்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் நான் வந்த காரியம் வேறு. உங்கள் விசாரணையின் வரைவு அறிக்கையை நேற்று படித்தேன். பதினேழாம் பக்கத்தில், 'மணி அடிக்கும் பழைய பகுதி சரியாக இயங்கவில்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், மேடம்.