சமத்தில் நின்ற தீர்மானம்

மச்சான்: …அந்த நாற்காலியில உட்காராதீங்க மாமா. கால் ஆடுது.

மாமா: அப்பாடா. ஆறு மாசம் கழிச்சு வாயைத் திறந்துட்டே.

மச்சான்: நீங்க விழுந்தா அக்கா என்னைத்தான் கேப்பா. அதுக்காகச் சொன்னேன்.

மாமா: உங்க அக்கா பாரு, நம்ம ரெண்டு பேரையும் இந்த ரூமுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டா…

மச்சான்: கம்ப்யூட்டர் மொழிக்கு விதி எழுதற கமிட்டியோட தலைவியாச்சே. ஓட்டு சமமா நிக்குதாம். நாம பேசி ஒரு முடிவுக்கு வரணுமாம், இல்லேன்னா அவளே முடிவு பண்ணிடுவாளாம். பண்ணட்டுமே.

மாமா: பண்ணினா யாராவது ஒருத்தர் அவ மேல கோவிச்சுக்கணும். ஏற்கெனவே வீட்டுக்கு வந்தா, எங்கிட்ட உப்பு கேக்கறதுக்குக்கூட அவகிட்டதான் சொல்றே.

மச்சான்: போன கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி என்னை விளையாட்டுப் பையன்னது யாரு?

மாமா: என்னைப் பழைய இரும்புன்னியே…

மச்சான்: பின்னே? நம்ம மொழியில புரோகிராம் எழுதறவன், ஒரு எண்ணுக்கு வச்ச பேரைத் தப்பா அடிச்சா, கம்ப்யூட்டர் வாயை மூடிக்கிட்டு அதைப் பூஜ்யம்னு எடுத்துக்குது. அப்படி எடுத்துக்காம, தப்புன்னு சொல்லி நிறுத்தணும்னேன். விதியில ஒரே ஒரு வரி. பழைய புரோகிராம்கள்ல இப்படித் தப்பு நிறைய இருக்கு, எல்லாம் நின்னுடும்னு அந்தக் குதி குதிச்சீங்க.

மாமா: குதிச்சேன்தான். இப்போ… சரி, விடு.

மச்சான்: என்ன விடு?

மாமா: போன வாரம் எங்க பஸ் நிலையத்துப் பலகையில, எல்லா பஸ்ஸும் நடுராத்திரி பன்னெண்டுக்குக் கிளம்பறதா ஓடுச்சு. ஜனங்க கூடி நின்னு சிரிச்சாங்க.

மச்சான்: யார் எழுதின புரோகிராம்?

மாமா: யார் எழுதினா என்ன…

மச்சான்: மாமா.

மாமா: நான்தான். ஒரு எழுத்து விட்டுப்போச்சு, நேரமெல்லாம் பூஜ்யமாயிடுச்சு. சிரிக்காதே.

மச்சான்: சிரிக்கலை… இருமல்.

மாமா: அதான் இன்னிக்கு உன் தீர்மானத்துக்கு ஆதரவாவே சீட்டு போட்டேன். போதுமா? …ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

மச்சான்: நான் எதிர்த்துப் போட்டுட்டேன் மாமா.

மாமா: உன் தீர்மானத்தையா?

மச்சான்: வானிலை ஆபீஸ்ல ஓடற பழைய புரோகிராமை என் புது விதிப்படி ஓட்டிப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு, கிளம்பவே இல்லை. எழுதினவர் உயிரோட இல்லை, திருத்தவும் ஆள் இல்லை. புயல் நேரத்துல அது நின்னா கடலுக்குப் போனவங்க கதி? ஆனா… எழுந்து நின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சத்தமில்லாம தோக்கட்டும்னு இருந்துட்டேன்.

மாமா: அடப்பாவி. உனக்காக நான், எனக்காக நீ…

மச்சான்: உங்களுக்காக ஒண்ணும் இல்லை. புயலுக்காக.

மாமா: சரி சரி. இப்ப என்ன பண்றது?

மச்சான்: நிறுத்த வேண்டாம். 'இந்தப் பேர் எனக்குத் தெரியலை, பாத்துக்கோ'ன்னு கம்ப்யூட்டர் கட்டாயம் எச்சரிக்கணும். ஆனா புரோகிராம் ஓடணும். மிச்சத்தை விதியோட அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.

மாமா: இதையே நான் சொல்லியிருந்தா…

மச்சான்: பழைய இரும்புதான்னு சொல்லியிருப்பேன்.

மாமா: கதவைத் தட்டறா பாரு.

அக்கா: என்ன, ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா?

மாமா: முடிவுக்கு வந்தாச்சும்மா. தீர்மானத்தைத் திருத்தி, நாங்க சேர்ந்தே கொண்டுவர்றோம். மறுபடி ஓட்டுக்கு விடு.

மச்சான்: ஆனா அக்கா, சமமா நின்ன அந்த ஓட்டை என்ன பண்ணுவே?

அக்கா: எந்தச் சமம்? சீட்டுப் பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லையேடா.