கீழ்ப்பிரிவுக்கு இட்ட நிரந்தரத் தடை

பிளேன்டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிப்போனது. இந்தக் குளிருக்குப் பரவாயில்லை.

என் பெயர் செல்வரத்தினம். வட்டவளைத் தபாற்கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். மழையில் எழுத்தழிந்த கடிதத்தை மோந்து பார்த்தே அது எந்தத் தோட்டத்துக்குரியது என்று சொல்லிவிடுவேன். இரண்டு தடவை தவறியது. இரண்டும் அனுப்பினவர்களின் குற்றம்.

ஓய்வுக்குப் பிறகு ஹட்டனில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டேன். தோட்டத் தலைவர்கள் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வந்து குறையை எழுதுவார்கள். சங்கத்தின் முத்திரையோடு பதில் கடிதம் திரையில் வரும். அந்தத் தாளைக் காட்டினால்தான் தோட்டத்துத் துரை அம்புலன்ஸ் கொடுப்பார், அடைமழையில் ஆட்கள் ஒதுங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார். வாய்ப்பேச்சு எடுபடாது. அது நான் வகுத்த முறையல்ல.

சேர்வருக்கு ஒரு காவல் மென்பொருள் போட்டிருந்தேன். கடவுச்சொல் மூன்று முறை பிழையானால், வந்த கணினியின் எண் முகவரியையே பத்து நிமிடம் வெளியே நிறுத்தும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நானும் நிறுத்தலாம், விடலாம். ஒரே காலையில் தொண்ணூறாயிரம் திருடர்களை நிறுத்தியிருக்கிறேன். உங்கள் நிலையத்தில் அப்படியொரு பதிவு இருந்தால் காட்டுங்கள்.

பொகவந்தலாவைக்கு மேலே, கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் லயங்களுக்கு இருந்தது ஒரே கணினி. தலைவர் நல்லமுத்துவின் கடவுச்சொல்லைப் பொதுத் தண்ணீர்ப் பீலியைப் போல எல்லோரும் பாவித்தார்கள். ஆளுக்கொரு மாதிரித் தட்டுவார்கள். வாரத்துக்கு நாலு தடவை தடை விழும். 2008 ஆண்டுக் கூட்டத்தில் நல்லமுத்து எழுந்தார்.

"நாய்கூட ஆளப் பாத்துட்டுத்தாங்க கொரைக்கும். நம்ம ஐயா கட்டி வச்சிருக்கிறது வீட்டுக்காரனையே கடிக்குதுங்க."

முந்நூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கீழ்ப்பிரிவுக் கணினியின் முகவரிக்கு நிரந்தரத் தடை போட்டேன். மென்பொருளின் மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. அது நான் தட்டிய வரி.

அந்த வருடமே, மழை பிடித்து ஒன்பதாம் நாள் காலை, அந்த முகவரியிலிருந்து நாற்பத்தொரு தடவை முயன்றார்கள். ஒவ்வொன்றாக மோதித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் நன்றாக நின்றது.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. லயத்தில் சிக்னல் இல்லாததால், கணினியைப் பார்த்துக்கொள்ளும் மெரினா ஒரு மணி நேரம் நடந்து கடைவீதிக்கு வந்திருந்தாள்.

"லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்க ஐயா. கைய உள்ள விடலாம். கடுதாசி இல்லாம பள்ளிக்கூடம் தொறக்க மாட்டேங்கிறாங்க."

"நல்லமுத்து எங்க, பிள்ளை?"

"புள்ளைங்கள எல்லாம் லயத்துல ஒரே காம்பராவுல சேத்துக்கிட்டு இருக்காருங்க."

"அவர் வந்து கதைக்கட்டும். அண்டைக்குச் சொன்னது பிழை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

போய்ச் சொல்லி, அவர் வந்து சேர ரெண்டு மணி நேரமாகும் என்றாள். காத்திருப்பேன் என்றேன். காத்திருந்தேன், சொன்ன சொல் மாறுகிறவனல்ல நான்.

இரண்டரைக்கு நல்லமுத்து கடைவீதியிலிருந்து தொலைபேசி எடுத்தார். மெரினாவைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"நான் சொன்னது தப்புங்க ஐயா. எடுத்து விட்டுருங்க."

லைன் தெளிவில்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது. மறுபடியும் சொன்னார். அதன்பிறகே வரியைத் தட்டினேன். தடை நீங்கியது என்று திரை காட்டியது. மலை சரிந்து லயத்தை மூடி அப்போது இருபது நிமிடமாம். எனக்கு மாலையில்தான் சொன்னார்கள்.

மெரினாவோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. தடையை வைத்தவன் நான், தெரிந்தே எடுக்காமல் இருந்தவனும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நல்லமுத்து உயிரோடு இருக்கிறார் என்பதையும் கீழே எழுதுங்கள். அந்த நேரத்தில் அவரை லயத்திலிருந்து வெளியே வரவழைத்தவன் நான்தான். இன்றுவரை அந்த மனிதர் ஒரு நன்றி சொல்லவில்லை.