ஓடற மிசினுக்குப் பொட்டு வெக்கறதில்லீங்க

ஆயுத பூஜைக்கு எங்க பட்டறையில கடைப் பொரி வாங்கறதில்லீங்க, சார். அன்னூர்ல எம்பட மாமனார் ஊட்டுல இருந்து மூட்டையா வந்துரும். வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் பொரி, கடலை, பழம், வேட்டி துண்டு எல்லாம் நாந்தான் எங்கையால குடுப்பேன். கோயமுத்தூர் கணபதி பக்கம் சென்னிமலைன்னு எம் பேரைச் சொல்லி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஒருத்தரையும் கடுசாப் பேசாத மனுசன்னு. எங்க பட்டறைப் பொண்ணு ஜெபராணியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். அந்தப் பொண்ணு ஜெயில்ல இருக்கறதுல எனக்கும் வெசனந்தானுங்க. அது வெளிய வரோணும்னா நான் நடந்ததைச் சொல்லோணும்கறீங்க. சொல்றேன். மடியில கனமிருந்தாத்தானுங்க வழியில பயம்.

மொதல்ல நாங்க பம்பு மோட்டாருக்குச் சுத்தற தண்டு, அந்தச் சாஃப்ட் கடைஞ்சுக்கிட்டு இருந்தவிங்க. பொறவு ஒரு பெரிய கம்பெனிக்காரங்க விமானப்படையோட பழைய பயிற்சி விமானங்களைப் புதுப்பிக்கற வேலையை எடுத்தாங்க. பாதி ஆயுசு ஓடுன விமானத்தைப் பிரிச்சு, முள்ளு காட்டற மீட்டரை எல்லாம் கழட்டிப்போட்டு டிவியாட்டத் திரை வெச்சு, தேஞ்ச சாமானுக்குப் புதுச் சாமான் மாட்டி, மீதி ஆயுசுக்கு ஓட்டறது. சின்னப் பசங்களும் பொண்ணுங்களும் அதுல பழகித்தான் சண்டை விமானத்துக்குப் போவாங்களாம். அதுல ஒரு போல்ட்டு எங்களுக்கு வந்துச்சு. ஓட்டறவிங்க கையில இருக்கற குச்சியை இழுத்தா, வால்ல ஒரு பலகை அசஞ்சு, மூக்கு மேல தூக்கும். அந்தப் பலகையை இழுக்கற கம்பியைப் புடிச்சிருக்கறது எங்க போல்ட்டு. சுண்டு விரல் தண்டிதான் இருக்கும். கோயமுத்தூர்ல இத்தனை பட்டறை இருக்கையில எங்களைத் தேடி வந்துச்சுங்க. மேட்டுப்பாளையத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனாக்கூட, ஏரோப்பிளேன்காரரு வந்துட்டாருன்னு எந்திரிச்சு எடம் உடுவாங்க. அந்தப் பேரு சும்மா கெடைக்கறதுங்களா.

அந்த இரும்புக்குத் துருப் புடிக்காம இருக்க முலாம் போடோணும். முலாம் போடறப்ப ஒரு வாயு இரும்புக்குள்ளாற போயி ஒக்காந்துக்கும். உடனே ஓவன்ல வெச்சு, ஒரு பகலு ஒரு ராத்திரி நிறுத்தாமச் சூடு குடுத்தாத்தான் அது வெளிய போகும். எங்க ஆளுக அதை ஆவி எடுக்கறதும்பாங்க. எடுக்காம உட்டாலும் பாக்க ஒரு வித்தியாசமும் தெரியாதுங்க. பளபளன்னு இருக்கும், அளவும் சரியா இருக்கும். மாட்டி முறுக்குன பொறவு, என்னைக்கோ ஒரு நாள் கண்ணாடியாட்ட ஒடியும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஜெபராணிதான். தரம் பாக்கறதுக்குன்னு நான் வேலைக்கு வெச்ச பொண்ணு. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போகும், மத்த நாளெல்லாம் பட்டறையே கதின்னு கெடக்கும். எந் தங்கச்சியாட்டத்தான் நெனச்சிருந்தேன்.

அந்த வருசம் ஆயுத பூஜை நோம்பிக்கு மொத நாள் பொழுதோட ஒரு தட்டு போல்ட்டு முலாம் போட்டு வந்துச்சு. ஓவன்ல வெச்சாச்சு. வெடியால பூஜை. கம்பெனியில இருந்து பெரிய ஆளுங்களே வந்திருந்தாங்க. சொந்தக்காரங்க, ஒரம்பரை சனம் வேற. விஜயதசமி முடிஞ்ச கையோட சாமானம் வண்டி ஏறிருமுங்கன்னு எல்லார்த்து முன்னாலயும் வாக்குக் குடுத்தேன். லேத்து, தராசு, டெம்போ எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் ஆச்சு. ஓவன்கிட்ட வந்தா உள்ளாற ஃபேன் ஓடுது. ஓடற மிசினுக்குப் பொட்டு வெக்கறதில்லீங்க, அது சாமி குத்தம். கைய சுவிச்சுக்குக் கொண்டு போனேன். அப்பத்தான் அந்தப் பொண்ணு வாயைத் தொறந்துச்சு.

"அண்ணா, ஓவனை மட்டும் உட்டுருங்ணா. இப்ப நிறுத்துனா அத்தனையும் வீணாப் போயிருமுங்ணா."

"ஆகட்டும் அம்மணி"ன்னேன். சொல்லிப்போட்டுச் சுவிச்சை அமத்துனேன். எங்க பக்கம் ஆகட்டும்னா சரின்னு அர்த்தமில்லீங்க. பேச்சு போதும்னு அர்த்தம். அது தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருந்தா உட்டிருப்பேனோ என்னமோ. அத்தனை சனத்து முன்னால, பூஜைத் தட்டோட நிக்கற மொதலாளியைப் பாத்து வேண்டாம்னு சொன்னா, மொதலாளி என்ன பண்ணுவான், சொல்லுங்க.

பூஜை போட்ட மிசினை மறுபூஜை முடியாமத் தொடறதில்லை. ஓவனும் அப்படியே ஆறிக் கெடந்துச்சு. மக்யா நாள் மறுபூஜை முடிஞ்சதும் ஜெபராணி வந்து ஓவனைத் தொறந்துச்சு. போல்ட்டு ஒவ்வொண்ணுக்கும் செவப்புச் சாயம் வெச்சு ஓரமா ஒதுக்கிப்போட்டுச்சு. செவப்பு வெச்சாக் கழிவுன்னு அர்த்தம். இனிச் சூடு பண்ணியும் பிரயோசனமில்லீங்ணா, வேற செய்யலாம், கம்பெனிக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கறேன்னுச்சு. அதுக்கும் ஆகட்டும்னுதான் சொன்னேன். நானே பேசிக்கறேன் கண்ணு, நீ ரெண்டு நாளு ஊட்டுல இருந்துட்டு வான்னு, பொரி மூட்டையோட அனுப்பி வெச்சேன். அது நம்பிப் போச்சு. பொறவு நான் ஒக்காந்து, தின்னர் தொட்டுத் துணியில ஒவ்வொரு போல்ட்டாத் தொடைச்சேன். அவசரப்படலீங்க. மரைக்குள்ள இருந்ததைப் பழைய பிரஷ்ஷு வெச்சு எடுத்தேன். அன்னைக்கே வண்டி ஏத்தியாச்சு. திரும்பி வந்த ஜெபராணிகிட்ட, கழிவை எடைக்குப் போட்டாச்சு கண்ணுன்னேன். குடுத்த வாக்கு தவறலை.

அந்த விமானம் ஒரு சோளக்காட்டுல மூக்குக் குத்தி விழுந்ததை டிவியிலதான் பாத்தேன். பழக்கிக் குடுத்த வாத்தியாரு ஸ்ரீனிவாஸ், பழகின பொண்ணு நவ்யா, ரெண்டு பேரும் போயிட்டாங்க. பாத்ததுமே எங்க போல்ட்டுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. அன்னைக்குச் சோறு எறங்கலை. மக்யா நாள் எறங்குச்சு. அவிங்க கடைசியாப் பேசுனதை நீங்க போட்டுக் காட்டுனீங்க. குச்சியை இழுக்கறேன், மூக்குத் தூக்கமாட்டேங்குது சார், தூக்கமாட்டேங்குது சார்னு நவ்யா சொல்லுது. அந்த நேரத்துலயும் சார்னுதான் சொல்லுச்சு. நல்ல வளப்புங்க.

மொதல்ல விசாரணைக்கு வந்தவிங்க, ஆவி எடுக்காத போல்ட்டு ஒடிஞ்சுதான் விழுந்துச்சுன்னு கண்டுபுடிச்சு, ஓவனை யாரு நிறுத்துனாங்கன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணுதான் நிறுத்தீட்டு எங்ககிட்டச் சொல்லாம மறைச்சுப்போட்டுதுன்னேன். நாங்கெல்லாம் பூஜையில நிக்கறப்ப, அது மட்டுந்தானுங்க கும்பிடாம ஓவன் பக்கத்துல நின்னுச்சு. பட்டறை ஆளுக எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. எஞ் சொல்லுக்கு எதுத்துப் பேச மாட்டாங்க. சாமானை வாங்கி மாட்டுனது கம்பெனிக்காரங்கதானுங்களே, அவிங்களும் பூஜையில ஒண்ணும் பாக்கலைன்னுட்டாங்க. நான் செவப்பு வெச்சு ஒதுக்குனேன்னு அது அழுதுச்சு. மிச்ச விமானத்தை எல்லாம் நிறுத்திக் கழட்டிப் பாத்தாங்க. ஒரு போல்ட்டுலயும் செவப்பு கண்ணுக்குத் தெரியலை. அதோட அது சொன்னதை யாரும் நம்பலை. ஜெபராணி ஜெயிலுக்குப் போன பொறவு, அதோட ஊட்டுக்காரர் பாக்கியராஜ் எங்க ஊட்டுக்கே வந்தாரு. கொழந்தை ராவெல்லாம் அம்மா அம்மான்னு அழுகுதுங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்கன்னு என் காலைத் தொட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துபோச்சு. காப்பி குடுத்து, ஆகட்டும் தம்பின்னு வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சேன்.

இப்ப நீங்க ஒடிஞ்ச போல்ட்டைப் பெருசு பண்ணிப் போட்டோ காட்டறீங்க. மரை அடியில முடியாட்டம் ஒரு செவப்புக் கோடு நிக்குது. என்ன தொடைச்சாலும் அந்த எடத்துக்குப் பிரஷ்ஷு போகாதுங்க. அந்தப் பொண்ணு சாயம் வெச்சது நெசந்தான்னு அதுலயே தெரியுது.

எழுதிக்குங்க, சார். ஓவனை நிறுத்துனது நான். ஒடியும்னு தெரிஞ்சு சாயத்தைத் தொடைச்சு அனுப்புனது நான். அந்தப் பொண்ணைக் கை காட்டி உட்டதும் நான். ஜெபராணியை உட்டுருங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா பொய் சாட்சி சொன்னேன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. விபத்து நடந்த பொறவு நான் ஆனைமலை மாசாணியம்மன்கிட்டப் போயிருந்தனுங்க. அநியாயம் நடந்தவிங்க அங்க மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசி நாயம் கேப்பாங்க. நானும் ஒக்காந்து அரைச்சேன். கூட்டத்துல என்னைய எதுத்துப் பேசி, என் வீம்பைக் கெளப்பி, இத்தனைக்கும் காரணமானது ஜெபராணிதான் ஆத்தா, நீயே பாத்துக்கோன்னு மனசார வேண்டித்தான் பூசுனேன். அந்த வாரமே அந்தப் பொண்ணைப் புடிச்சுட்டாங்க. நாஞ் சொன்னது பொய்யா இருந்திருந்தா, ஆத்தா கேட்டிருப்பாளுங்களா?